அள்ளும் கையை வெட்டிய கண்ணாடி: பழைய கடைக் கட்டட இடிப்பில் நேர்ந்த ஒரு காயத்தின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் பழைய ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்றை இடித்து அப்புறப்படுத்தும் பணியில், இடிபாடு நிரப்பிய சாக்கைத் தூக்கிய பெண் தொழிலாளி ஒருவருக்கு இடது கையில் கண்ணாடி வெட்டிச் சுண்டு விரலின் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) அறுந்தன. கட்டட உரிமையாளரின் ஆலோசனைப் பொறியாளர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணியிடப் பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் இதை விசாரித்துப் பதிவு செய்தேன். பணியாளர்கள், ஒப்பந்தக்காரர், மருத்துவமனை ஆகியோரின் பெயர்களையும் கட்டடம் இருக்கும் பகுதியையும் குறிப்பிடவில்லை. இதை விரிவாக எழுதக் காரணம் ஒன்று உண்டு. கண்ணாடியை உடைப்பவரை எல்லோரும் எச்சரிக்கிறார்கள். உடைந்த கண்ணாடி செங்கல் தூளோடும் காரையோடும் கலந்த பிறகு அதை அள்ளுகிறவரை எச்சரிப்பார் இல்லை. இந்த நிகழ்வில் கை அறுபட்டவர் ஒரு கண்ணாடியையும் உடைத்தவர் அல்லர்.

பின்னணி

கட்டடம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழமையானது. தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்டது. பல கட்டங்களில் மாற்றியமைக்கப்பட்டிருந்ததால் அதில் ஐந்து விதமான கண்ணாடிகள் இருந்தன. தரைத்தளத்தின் சாலைப் பக்கம் முழுவதும் 12 மி.மீ. தடிமனுள்ள, கடைக்காரர்கள் டஃபன்டு கண்ணாடி என்று சொல்லும் கடினமாக்கிய கண்ணாடித் தடுப்புகளும் கதவுகளும் இருந்தன. முதல் மாடியில் துணி அடுக்கும் அலமாரிகளுக்கு 5 மி.மீ. கண்ணாடித் தட்டுகளும், துணி போட்டுப் பார்க்கும் அறைகளில் ஒட்டுப்பலகையின்மேல் பசை தடவி ஒட்டப்பட்ட ஆளுயர நிலைக்கண்ணாடிகளும் இருந்தன. கிடங்காகப் பயன்பட்ட இரண்டாம் மாடியில் தேக்குச் சட்டங்களில் புட்டி (கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் பசை) வைத்துப் பதித்த 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடிகளும், கழிவறைகளில் லூவர் எனப்படும், சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகளும் இருந்தன.

இவை உடையும் விதம் வேறு வேறு. சாதாரணக் கண்ணாடி நீளமான, கூர்முனையுள்ள சில்லுகளாகப் பிளக்கும்; விளிம்பு கத்திக்கு நிகரான கூர்மையுடையது. கடினமாக்கிய கண்ணாடி, மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருப்பதால், ஓரிடத்தில் உடைந்தாலும் முழுவதும் சிறு கட்டிகளாக நொறுங்கிவிடும். அந்தக் கட்டிகள் தோலைக் கீறுமே தவிர ஆழமாக இறங்குவது அரிது. ஆனால் அவை தனித்தனியே உதிராமல் பெருங்கொத்தாக ஒட்டிக்கொண்டு தலைமேல் விழக்கூடும். நிலைக்கண்ணாடி சாதாரணக் கண்ணாடியே. பின்புறப் பசை சில இடங்களில் பிடித்துக்கொள்வதால், பெயர்க்கும்போது எதிர்பாராத கோணத்தில் பிளக்கும்.

இந்த வகை இடிப்புப் பணியின் பணக்கணக்கை அறியாமல் இந்த விபத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சென்னையில் பெரும்பாலும் இடிப்பு ஒப்பந்தக்காரர் உரிமையாளரிடம் கூலி வாங்குவதில்லை. கட்டடத்திலிருந்து கிடைக்கும் பொருளுக்காக உரிமையாளருக்கே ஒரு தொகையைக் கொடுத்துக் கட்டடத்தை எடுத்துக்கொள்கிறார். தேக்கு நிலைகள், ஜன்னல் சட்டங்கள், கிரில், கம்பி, நல்ல செங்கல் ஆகியவற்றை விற்றுத்தான் அவருக்கு லாபம். ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய பொருள் சந்தையில் விலை கிடையாது. ஆகவே சட்டத்தைச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும் என்பதற்காகவே அதிலுள்ள கண்ணாடி முதலில் சுத்தியலால் தட்டி உதிர்க்கப்படுகிறது. மரத்துக்குக் காட்டும் கவனம் கண்ணாடிக்குக் காட்டப்படுவதில்லை. அது தரையில் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன்மேல் அடுத்த நாள் சுவர் விழுகிறது.

பணியில் ஒரு மேஸ்திரியும், சம்மட்டி, கடப்பாரை, சுவரை உடைக்கும் மின்கருவியான பிரேக்கர் ஆகியவற்றைக் கையாண்ட ஆண் தொழிலாளர்களும், இடிபாட்டை அள்ளிச் சாக்கில் கட்டும் சித்தாள்கள் நால்வரும் இருந்தனர். கட்டடம் இருந்த சாலையில் பகலில் லாரிகள் நிற்க முடியாது. டிப்பர் லாரி இரவு பத்து மணிக்குப் பிறகே வரும். வாசலில் குவித்து வைக்க இடமும் இல்லை. எனவே அன்றன்று இடித்ததை மாலைக்குள் சிமெண்டுச் சாக்குகளில் நிரப்பி, தரைத்தளத்தில் அடுக்கி, இரவில் ஏற்றுவது என்ற ஏற்பாடு இருந்தது. அதாவது, அள்ளும் வேலையின் பெரும்பகுதி வெளிச்சம் மங்கும் நேரத்தில் நடந்தது.

விபத்துக்கு முந்தைய நாள்கள்

பணியின் முதல் வாரத்தில் காயம் ஏதுமில்லை என்றே மேஸ்திரி பொறியாளரிடம் சொல்லியிருந்தார். பின்னர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசியபோது படம் வேறாக இருந்தது. சித்தாள்கள் நால்வருக்கும் விரல்களில் வெட்டு இருந்தது; மூவர் பழைய புடவைத் துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தனர். ஒரு ஆண் தொழிலாளிக்கு ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் சில்லு ஏறியிருந்தது. அவரே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தார். இவற்றை மேஸ்திரி மறைத்தார் என்று நான் கருதவில்லை. மருத்துவரிடம் போகாதவரை அது காயம் என்ற கணக்கிலேயே வருவதில்லை என்பதுதான் அங்கிருந்த எல்லோரின் எண்ணமும், காயம்பட்டவர்கள் உட்பட. "இதெல்லாம் ஒரு காயமா சார், டெய்லி ஒண்ணு கீறும்" என்றார் ஒரு சித்தாள்.

நால்வரின் கைகளிலும் இருந்த வெட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. அவை பெரும்பாலும் இடது கையில், விரல்களின் உட்பக்கத்தில் இருந்தன. வலது கையால் சாக்கின் வாயைப் பிடித்து, இடது கையை அடியில் கொடுத்துத் தூக்குவது அவர்களின் வழக்கம். சாக்கின் அடிப்பகுதியில்தான் கனமான சில்லுகள் போய்ச் சேரும். பெரிய காயம் எந்தக் கையில், எந்த இடத்தில் நேரப்போகிறது என்பதை இந்தச் சிறு வெட்டுகள் முன்னரே சொல்லிக்கொண்டிருந்தன.

விபத்தும் முதலுதவியும்

விபத்து நடந்த நாளில் இரண்டாம் மாடியின் பின்சுவர் இடிக்கப்பட்டது. அந்தச் சுவரில் இருந்த ஜன்னல்களின் கண்ணாடிகள் முந்தைய நாளே உதிர்க்கப்பட்டு, அள்ளப்படாமல் சுவரோரம் கிடந்தன. சுவர் அவற்றின்மேல் விழுந்தது. தூசி அடங்குவதற்காக இடிபாட்டின்மேல் தண்ணீர் தெளிக்கப்பட்டது. தூசியைக் கட்டுப்படுத்துவது தேவையானதே. செங்கல், காரை, கான்கிரீட் தூளில் உள்ள படிக சிலிக்காதான் நுரையீரலைப் பாழாக்குகிறது. ஆனால் ஈரம் பட்ட சுண்ணாம்புக் காரை கண்ணாடிச் சில்லுகளைச் சேறு போல மூடிக்கொண்டது. கண்ணாடி மின்னுவதே தெரியவில்லை.

மாலை ஆறு மணிக்குப் பிறகு, நாற்பது வயதைக் கடந்த ஒரு சித்தாள், நிரம்பிய சாக்கை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடத் தூக்கினார். சாக்கு வழுகியது. அதை நழுவ விடாமல் அடியில் கொடுத்திருந்த இடது கையை அவர் இறுக மூடினார். சாக்கின் நெசவைக் கிழித்து வெளியே நீண்டிருந்த சில்லு, சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு சேரும் மடிப்புக்குச் சற்று மேலே ஆழமாக இறங்கியது. அவர் அணிந்திருந்தது ரப்பர் புள்ளிகள் வைத்த பருத்திப் பின்னல் கையுறை. அது பிடிமானத்துக்கானது, கூரிய விளிம்பைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பின்னர் அந்தக் கையுறையை வாங்கிப் பார்த்தேன். வெட்டு, பிசிறில்லாமல் நேர்கோடாக இருந்தது. இழை சற்றும் தடுத்ததற்கான அடையாளம் இல்லை.

அடுத்த சில நிமிடங்களில் உடன் இருந்தவர்கள் பதறாமல், தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஒருவர் எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து காபித்தூள் வாங்கிவந்து காயத்தில் அப்பினார். மேஸ்திரி தன் துண்டால் இறுகக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இறுகக் கட்டியது சரி. காபித்தூள் இரத்தத்தை நிறுத்துவது போலத் தோன்றினாலும், காயத்துக்குள் அழுக்கைச் சேர்த்து, உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்பதைப் பார்க்க முடியாமல் செய்கிறது. அந்த மருத்துவமனையில் காயம் கழுவப்பட்டு, தோலில் தையல் போடப்பட்டு, டெட்டனஸ் தடுப்பூசியும் போடப்பட்டது. எக்ஸ்ரே எடுக்கப்படவில்லை. விரல் அசைவு தனித்தனியே சோதிக்கப்பட்டதாகக் குறிப்பு ஏதும் இல்லை. "ஒண்ணும் பயமில்ல அக்கா, தையல் போட்டாச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று மேஸ்திரி அவரை வீட்டில் விட்டுச் சென்றார்.

மறுநாள் விரலில் கண்டது

மறுநாள் காலை நான் பணியிடத்துக்குச் சென்றபோது அவரும் அங்கே இருந்தார். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதால், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் முழுச் செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் தெரிந்தன. கையை மடியில் தளர்வாக வைத்திருக்கும்போது விரல்கள் தாமாகவே சற்று வளைந்து நிற்க வேண்டும். சுண்டு விரலுக்கு வளைவு சற்று அதிகமாகவே இருக்கும். அவருடைய சுண்டு விரல் மட்டும் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. மடக்கச் சொன்னேன். "சுண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது சார். ஒரு பக்கம் மரத்துப் போயிருக்கு" என்றார். வலி குறைந்தால் சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது.

வலியால் மடக்க முடியாமல் இருப்பதும் தசைநாண் அறுந்து மடக்க முடியாமல் இருப்பதும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றலாம். ஆனால் நுனி சற்றும் அசையாமல், மரப்பும் சேர்ந்திருந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. அன்றே அவரைக் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொறியாளரிடம் வலியுறுத்தினேன். ஒப்பந்தக்காரர், தையல் போட்ட மருத்துவமனைக்கே மீண்டும் போகலாம் என்றார். பொறியாளர் என் பக்கம் நின்றார். கட்டட உரிமையாளர் வண்டி ஏற்பாடு செய்தார்.

அங்கே எக்ஸ்ரேயில், காயத்துக்குள் ஏறத்தாழ 3 மி.மீ. அளவுள்ள கண்ணாடித் துண்டு தெரிந்தது. கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது; அது தவறு. ஈயம் கலந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 2 மி.மீ. அளவுக்கு மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். சுண்டு விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் முழுவதும் அறுந்திருந்தன. மோதிர விரலின் தசைநாண் பாதியளவு வெட்டுப்பட்டிருந்தது. சுண்டு விரலின் ஒரு பக்க நரம்பும் அறுந்திருந்தது. காயத்துக்குப் பிந்தைய மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது.

முதலில் பார்த்த மருத்துவமனையில் இது ஏன் கண்ணுக்குத் தப்பியது என்பதற்கு அறுவைச் சிகிச்சை மருத்துவர் சொன்ன விளக்கம், இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தவற்றில் மிகப் பயனுள்ளது. பொருளை இறுகப் பிடித்து விரல்கள் மடங்கியிருக்கும் நிலையில் வெட்டு விழுந்தால், பிறகு விரலை நீட்டிப் பார்க்கும்போது தசைநாண் அறுந்த இடம் தோலில் உள்ள காயத்துக்கு நேராக இராது. அது விரல் நுனிப் பக்கமாக நகர்ந்திருக்கும். உள்ளங்கைப் பக்கத்து முனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். காயத்தின் வாய் வழியே பார்ப்பவருக்கு அறுந்த முனை கண்ணில் படாமலே போகலாம். ஆகவே காயத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. விரலின் நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லவும், மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு விரலை மடக்கச் சொல்லவும் வேண்டும். முதலாவது ஆழமான தசைநாணையும், இரண்டாவது மேலோட்டமான தசைநாணையும் சோதிக்கிறது. இதற்குக் கருவி ஏதும் தேவையில்லை; முதலுதவி தெரிந்த எவரும் செய்யலாம்.

பணியிடத்தில் கண்டவை

கையுறை போதாது என்பது உடனே கண்ணில் படும் குறை. ஒப்பந்தக்காரரும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் நல்ல கையுறை வாங்கித் தருவதோடு இதை முடித்துவிட நான் உடன்படவில்லை. மூல காரணம் வேலையின் வரிசையில் இருந்தது. கட்டடம் இடிப்பதற்கான இந்தியத் தர நிர்ணயப் பாதுகாப்பு விதித்தொகுப்பான ஐ.எஸ். 4130, கண்ணாடி பதித்த கதவு ஜன்னல்களை இடிப்புத் தொடங்கும் முன்னரே அகற்றிவிட வேண்டும் என்கிறது. அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளும், கண்ணாடி சிதறும் அபாயம் இருந்தால் அதை இடிப்புக்கு முன் நீக்க வேண்டும் என்றே கூறுகின்றன. இங்கே ஜன்னல்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டன என்பது உண்மை. ஆனால் அகற்றப்பட்டது மரச்சட்டம்; கண்ணாடி கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. விதியின் சொல் நிறைவேறியது, நோக்கம் நிறைவேறவில்லை.

இரண்டாவதாக, சாக்கு. நெய்த பிளாஸ்டிக் சாக்கு இடிபாட்டைச் சுமக்கும். ஆனால் கண்ணாடிச் சில்லு அதைத் துளைத்து வெளியே வரும், வந்திருப்பதும் வெளியிலிருந்து எளிதில் தெரியாது. சாக்கை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டியிருப்பதால் கை மட்டுமல்லாமல் தொடை, வயிறு, தோள் எல்லாமே அதன்மேல் உரசுகின்றன.

மூன்றாவதாக, வெளிச்சம். மாலைக்குப் பிறகு தரைத்தளத்தில் எரிந்தது ஒரே ஒரு மஞ்சள் பல்பு.

கண்ணாடியைத் தனியாகப் போட இடமே ஒதுக்கப்படவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள், பெருமளவு கழிவு உண்டாக்குவோர் கான்கிரீட், மண், எஃகு, மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் எனப் பிரித்து வைக்கச் சொல்லின. அந்த வரிசையில் கண்ணாடி பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. பிரிக்க வேண்டிய பொருள் என்ற நினைப்பே களத்தில் எழாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, கட்டடத்தில் மீதமிருந்த கண்ணாடி முழுவதும் வெளியேறும்வரை இடிக்கும் வேலையை நிறுத்துவது. ஒப்பந்தக்காரர் கடுமையாக எதிர்த்தார். பிரேக்கர் வாடகையும் ஆள்கூலியும் வீணாகும் என்றார். அவருடைய கவலை நியாயமானதே. கண்ணாடியைக் கழற்றும் நேரத்துக்கு ஒப்பந்தத்தில் யாரும் பணம் ஒதுக்கவில்லை. அந்தச் செலவை அவரே ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நாங்கள் திரும்பியிருந்தால், மறுநாளே சுத்தியல் மீண்டும் எழுந்திருக்கும். ஆகவே மீதமுள்ள கண்ணாடிப் பரப்பை அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று உரிமையாளர் தனியாகக் கொடுப்பதென முடிவாயிற்று. இந்த ஆய்வில் விளக்கப்படும் மாற்றங்களில் மிக முக்கியமானது இதுவே என்பேன். பணம் ஒதுக்கப்பட்ட வேலைதான் களத்தில் நடக்கும்.

கழற்றும் முறையும் எழுதி வைக்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடியின் இரு முகங்களிலும் அகலமான ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவது. அது உடைவதைத் தடுக்காது, உடைந்தால் சில்லுகளைச் சேர்த்துப் பிடிக்கும். பிறகு உட்பக்கத்திலிருந்து பீடிங்கையும் (கண்ணாடியின் விளிம்பைச் சட்டத்தில் இருத்தும் மெல்லிய பட்டை) புட்டியையும் உளியால் மெல்லப் பெயர்த்து, மேல்விளிம்பை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கீழ்விளிம்பை விடுவிப்பது. புட்டி கல்லாக இறுகிய ஜன்னல்களில் சட்டத்தோடு சேர்த்தே இறக்கி, தரையில் விரித்த தார்ப்பாயின்மேல் வைத்துக் கழற்றுவது. நிலைக்கண்ணாடிகளைப் பெயர்க்காமல், ஒட்டுப்பலகையோடு சேர்த்தே அறுத்து எடுப்பது.

கடினமாக்கிய கண்ணாடியில் வேறு எச்சரிக்கை தேவைப்பட்டது. அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. விளிம்பில் கடினமான அடி பட்டால் முழுவதும் நொறுங்கும். எடையும் சாதாரணமானதல்ல. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் இரண்டரை கிலோ இருக்கும், 12 மி.மீ. கதவு, 2.1 மீட்டர் உயரமும் 0.9 மீட்டர் அகலமும் கொண்டது, ஏறத்தாழ 57 கிலோ. அதை இருவர் தூக்குவது ஆபத்து என்பதால், உறிஞ்சுபிடி வைத்திருக்கும் கண்ணாடிக் கடை ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் மேல்கீழ்ப் பிடிகளையும் கதவைத் தானாக மூடவைக்கும் தரை ஸ்பிரிங்கையும் கழற்றி, கதவுகளை முழுதாகவே எடுத்துச் சென்றனர். அந்தக் கதவுகளுக்குப் பழைய பொருள் விலை கிடைத்ததை ஒப்பந்தக்காரர் முன்பு அறிந்திருக்கவில்லை.

இரண்டாவது முடிவு, ஏற்கெனவே கலந்துவிட்ட இடிபாட்டைப் பற்றியது. அதிலிருந்து கண்ணாடியைப் பொறுக்கி எடுக்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை ஏற்கவில்லை, காயப்படுத்தும் பொருளைத் தேடித் தொடச் சொல்வதாகும் அது. மாறாக, கலந்த இடிபாட்டைக் கையால் தொடவே கூடாது, சாக்கில் போடக் கூடாது என்று முடிவு செய்தோம். நீளப் பிடி மண்வெட்டியால் வாரி, பாண்டு எனப்படும் இரும்புச் சட்டியில் போட்டு, மேல்தளங்களிலிருந்து மூடிய சரிவுக் குழாய் வழியே இறக்கி, தரைத்தளத்தில் தகரத் தடுப்புக்குள் குவித்து, இரவில் மண்வெட்டியாலேயே லாரியில் ஏற்றுவது. ஒவ்வொரு தளத்திலும் கண்ணாடிக்கென்று சிவப்பு வண்ணம் பூசிய, மேல்பாகம் வெட்டிய இரும்புப் பீப்பாய் வைக்கப்பட்டது. அதைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது; எடையைக் கருதியும், பொங்கி நிற்கும் சில்லு கையில் படாதிருக்கவும். அள்ளும் வேலை சூரியன் மறைவதற்குள் முடிய வேண்டும்; தரைத்தளத்தில் வெள்ளொளி விளக்குகள் போடப்பட்டன.

கையுறையும் செருப்பும் மூன்றாவதாகத்தான் வந்தன. ஐரோப்பியத் தரமான ஈ.என். 388, வெட்டுத் தடுப்பை ஏ முதல் எஃப் வரை வகைப்படுத்துகிறது. மிக உயர்ந்த நிலையை வாங்கலாம் என்று பொறியாளர் சொன்னார். வாங்கிப் பார்த்ததில் அது சித்தாள்களின் கைக்குப் பெரிதாக, விறைப்பாக இருந்தது. பாண்டின் விளிம்பைப் பிடிக்க முடியாமல் கழற்றி வைத்துவிட்டார்கள். கழற்றி வைத்த கையுறை எந்த நிலையாக இருந்தாலும் பயனில்லை. எனவே ஒரு படி குறைந்த, உள்ளங்கையில் தோல் தைத்த, அவர்கள் கைக்குச் சரியாகப் பொருந்தும் அளவில் கையுறை தேர்ந்தெடுக்கப்பட்டது. வெட்டைத் தடுக்கும் கையுறை கூர்முனை குத்துவதைத் தடுக்காது என்பதையும் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னோம். ஐ.எஸ். 15298 தரத்தில், உள்ளங்காலில் உலோகத் தகடு வைத்த காலணிகள் அனைவருக்கும் கொடுக்கப்பட்டன.

காயத்தை மறைத்தவர்களுக்கும் கையுறை அணியாதவர்களுக்கும் கூலி பிடிக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதை நான் எதிர்த்தேன். கூலி பிடித்தால் அடுத்த வெட்டு நம் காதுக்கு எட்டவே எட்டாது.

பின்னர் நடந்தவை

பணி முடியும்வரை மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் நிகழவில்லை. சிறு காயம் ஒன்று நிகழ்ந்தது: லூவர் பட்டைகளைக் கழற்றியபோது ஒன்று நழுவி, கையுறைக்கு மேலே முன்கையைக் கீறியது. உடனே தெரிவிக்கப்பட்டதால், மறுநாளே வெட்டுத் தடுப்புக் கைச்சட்டைகள் வாங்கப்பட்டன. கண்ணாடி அகற்ற ஆன நேரம், ஒப்பந்தக்காரர் பயந்த அளவுக்கு இல்லை. சாக்கு கட்டும் வேலை இல்லாமற்போனதில் அந்த நேரத்தின் பெரும்பகுதி ஈடாயிற்று.

காயமடைந்தவரின் பாதை நெடியது. அறுவைக்குப் பின் ஆறு வாரம், விரல்கள் மடங்கிய நிலையில் இருக்கும்படி கையின் பின்புறம் பட்டை வைத்துக் கட்டப்பட்டிருந்தது. அந்தப் பட்டைக்குள்ளேயே, இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி, நாள்தோறும் பலமுறை விரலை மெல்ல அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் தசைநாண் சுற்றுத் திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். அளவு மீறி இழுத்தால் தையல் அறும். இந்த நுணுக்கம் புரியாமல், வீட்டில் பாத்திரம் துலக்கப் பட்டையைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு என்று மருத்துவர் எச்சரித்ததால், அவருடைய மகளையும் அழைத்துக் கற்பித்தார்கள். மூன்று மாத முடிவில் சுண்டு விரல் மடங்கியது, ஆனால் உள்ளங்கையைத் தொடவில்லை. ஏறத்தாழ இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தது. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மி.மீ. அளவில்தான் வளரும் என்பதால், மரப்பு குறையத் தொடங்கியிருந்ததே தவிர நீங்கவில்லை. பாண்டு தூக்க முடிந்தது; இறுகப் பிடிக்கும் வேலை முடியவில்லை.

இழப்பீட்டில் இழுபறி இருந்தது. ஒப்பந்தக்காரர் முதலில் மருத்துவச் செலவோடு ஒரு தொகையைக் கையில் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க முயன்றார். அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, தற்காலிகமாக வேலை செய்ய இயலாத காலத்துக்கு மாதக் கூலியில் 25 விழுக்காட்டை அரை மாதத்துக்கு ஒருமுறை வழங்க வேண்டும். மருத்துவச் செலவு அதிலிருந்து கழிக்கப்படக் கூடாது. இதைப் பொறியாளர் எழுத்தில் சுட்டிக்காட்டிய பிறகு அந்தத் தொகை வழங்கப்பட்டது. நிலையான இயலாமைக்கான கோரிக்கைக்கு மருத்துவச் சான்று பெறப்பட்டுள்ளது. அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யப்படாதவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மற்ற மூன்று சித்தாள்களும் அப்படியே.

அடுத்த பணியில் மாற வேண்டியவை

இடிப்புக்கு விலை கேட்கும் முன்னரே கட்டடத்தில் என்ன வகைக் கண்ணாடி, எந்தத் தளத்தில், எவ்வளவு பரப்பு என்று அளந்து பட்டியலிட வேண்டும். அதை அகற்றுவதற்கு ஒப்பந்தத்தில் தனி இனமும் தனி விலையும் இருக்க வேண்டும். கடைசிச் சில்லு கட்டடத்தை விட்டு வெளியேறியது என்று பொறியாளர் தளந்தோறும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே முதல் சுவர் இடிக்கப்பட வேண்டும். விரைவில் தொடங்க இருக்கும் இதே உரிமையாளரின் இன்னொரு பணிக்கு, இந்த இரண்டும் ஒப்பந்த வரைவில் சேர்க்கப்பட்டுள்ளன.

முதலுதவிப் பெட்டியில் அழுத்திக் கட்டும் துணியும் கழுவுவதற்குச் சுத்தமான தண்ணீரும் இருக்க வேண்டும். காயத்தில் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் இடக் கூடாது என்று பெட்டியின் மூடியிலேயே தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடங்களில் இந்தியிலும் எழுத வேண்டும். ஆழமாக ஏறிய பெரிய சில்லைப் பிடுங்காமல், அதைச் சுற்றி அணைத்துக் கட்டி அனுப்ப வேண்டும். கையில் வெட்டுப்பட்ட எவரையும் அனுப்பும் சீட்டில், "கண்ணாடி வெட்டு, பொருளை இறுகப் பிடித்திருந்தபோது நேர்ந்தது, எக்ஸ்ரே தேவை, ஒவ்வொரு விரலையும் தனித்தனியே சோதிக்கவும்" என்று எழுதி அனுப்ப வேண்டும். முதலில் பார்த்த மருத்துவரிடம் இந்த ஒரு வரி போயிருந்தால், அறுவைச் சிகிச்சைக்கான ஏற்பாடு அன்றிரவே தொடங்கியிருக்கும்.

சிறு வெட்டுகளுக்கு ஒரு பதிவேடு வைக்கவும் பரிந்துரைத்துள்ளேன். அதில் பெயர் எழுத வேண்டியதில்லை. கையின் வரைபடம் ஒன்றை அச்சிட்டு, வெட்டு எங்கே விழுந்தது என்று புள்ளி வைத்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புள்ளி வைக்க முடியும். மேஸ்திரி வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று புள்ளிகள் சேர்ந்தால், அந்த வேலை செய்யப்படும் விதத்தை அன்றே நின்று பார்க்க வேண்டும்.